அமெரிக்காவில் ஓ.டி. மேற்படிப்பு: வேலந்தாவளம் தங்கச்சிக்கு

அம்மணி, உன் கேள்வியைப் படித்தேன். கோயமுத்தூரில் பி.ஓ.டி., அதாவது நோயாளிகளை அன்றாட வேலைகளைத் தாங்களே செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபி (ஓ.டி.) பட்டப்படிப்பு முடித்து, இரண்டு வருடமாகப் பாலக்காட்டில் குழந்தைகள் தெரபி சென்டரில் வேலை பார்க்கிறாய். அமெரிக்காவில் மூன்று இடத்தில் சீட் கிடைத்திருக்கிறது: பெரிய நகரத்தில் மூன்று வருட ஓ.டி.டி. என்ற டாக்டரேட், சின்ன ஊரில் இரண்டு வருட எம்.ஓ.டி. என்ற மாஸ்டர்ஸ், அப்புறம் ஏற்கெனவே ஓ.டி. படித்தவர்களுக்கான ஒரு வருட போஸ்ட் புரொஃபஷனல் மாஸ்டர்ஸ். எதை எடுக்கட்டும் என்று கேட்கிறாய். அப்பா தென்னந்தோப்பை அடமானம் வைக்கத் தயார் என்றும் எழுதியிருக்கிறாய். நான் கொழிஞ்சாம்பாறைக்காரி, ஒஹாயோவுக்கு வந்து 11 வருடம் ஆகிறது. அந்தத் தோப்பு என்ற வார்த்தையைப் பார்த்ததும் வேறு வேலையை ஒதுக்கிவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

இப்போதைக்கு மூன்றில் எதற்கும் பணம் கட்டாதே. இங்கே ஓ.டி.யாக வேலை செய்ய மாநில லைசென்ஸ் வேண்டும், அதற்கு என்.பி.சி.ஓ.டி. என்ற தேசிய அமைப்பு நடத்தும் பரீட்சை பாஸாக வேண்டும். பரீட்சை மதிப்பெண் 300 முதல் 600 வரை, 450 எடுத்தால் பாஸ். உன் இந்தியப் படிப்பை வைத்து உன்னைப் பரீட்சைக்கு உட்கார விடுவார்களா என்பதை அந்த அமைப்புதான் முடிவு செய்யும், ஓ.டி.இ.டி. என்று தனி விண்ணப்பம் இருக்கிறது. உன் கல்லூரியும் அமெரிக்கக் கல்லூரியும் என்ன சொன்னாலும் அது செல்லாது. உன் படிப்பை உலக ஓ.டி. கூட்டமைப்பு அங்கீகரித்திருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள். அவர்கள் குறைந்தது 1,000 மணி நேர ஃபீல்டுவொர்க் (நோயாளிகளோடு நேரடிப் பயிற்சி) கேட்கிறார்கள், அந்த மணிக்கணக்கு உன் பதிவேட்டில் தெளிவாக இருக்க வேண்டும். ஊரில் இருக்கும்போதே கல்லூரி ஆபீஸுக்கு நாலு நடை நடந்து சிலபஸ், மார்க் ஷீட், மணிக்கணக்கு எல்லாவற்றையும் சீல் வைத்து வாங்கி வை. இங்கே வந்தபிறகு போனில் கேட்டு வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

ஏன் இதை முதலில் சொல்கிறேன் என்றால், அந்த ஒரு வருடப் படிப்பு கட்டணம் குறைவு, கண்ணை இழுக்கும். ஆனால் இங்கே ஓ.டி. படிப்புகளைச் சரிபார்க்கும் ஏகோட் அமைப்பு அங்கீகாரம் கொடுப்பது ஓ.டி. ஆவதற்கான ஆரம்பப் படிப்புகளுக்கு மட்டும்தான். போஸ்ட் புரொஃபஷனல் படிப்பு அந்தப் பட்டியலில் வராது, அது மட்டும் உன்னைப் பரீட்சை அறைக்குள் கொண்டுபோய் உட்கார வைக்காது. இது தெரியாமல் வந்து, பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு லைசென்ஸுக்காக அலைந்த இரண்டு பேரை எனக்கே தெரியும். படிப்பு முடிந்தபின் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் ஓ.பி.டி. என்று 12 மாதம்தான் வேலை செய்யலாம். கம்ப்யூட்டர் படித்தவர்களுக்குக் கிடைக்கிற கூடுதல் 24 மாதம் நமக்குக் கிடையாது, ஓ.டி. அந்தப் பட்டியலில் இல்லை. அந்த 12 மாதத்திலும் மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலையில்லாமல் இருக்கக் கூடாது. லைசென்ஸ் வராமல் ஓ.டி. வேலை கிடையாது, ஆனால் நாள் ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே ஓ.டி.இ.டி. பதில் சாதகமாக வந்தபிறகு அந்த ஒரு வருடப் படிப்பை எடுத்தால் அது மூன்றிலும் புத்திசாலித்தனமான தேர்வு. பதில் வருவதற்கு முன் எடுத்தால் அதைவிட ஆபத்து வேறில்லை.

சரி, பதில் பாதகமாக வந்தால்? அப்போது ஓ.டி. ஆவதற்கான ஆரம்பப் படிப்புகளான எம்.ஓ.டி.யா ஓ.டி.டி.யா என்ற கேள்வி. ஏஜென்ட் உன்னிடம் 2027க்குப் பிறகு மாஸ்டர்ஸ் செல்லாது என்று சொன்னதாக எழுதியிருக்கிறாய். அது பழைய கதை. 2017இல் ஏகோட் அப்படித்தான் அறிவித்தது, உண்மை. அப்புறம் அதை நிறுத்திவைத்து, 2019இல் மாஸ்டர்ஸ், டாக்டரேட் இரண்டு வழியும் இருக்கட்டும் என்று ஆகிவிட்டது. இரண்டு பட்டக்காரர்களும் எழுதுவது ஒரே பரீட்சை, வாங்குவது ஒரே லைசென்ஸ். ஓ.டி.டி.யில் கூடுதலாக 14 வார கேப்ஸ்டோன் என்ற இறுதி புராஜெக்ட் வரும், ஆராய்ச்சியோ ஆசிரியப் பணியோ மனதில் இருந்தால் அது உதவும். நான் வேலை பார்த்த இடங்களில் இந்த இரண்டு பட்டத்துக்கும் சம்பளத்தில் சொல்லும்படியான வித்தியாசம் பார்த்ததில்லை. கூடுதல் ஒரு வருடக் கட்டணத்துக்கும் வாடகைக்கும் அப்பா வட்டி கட்டுவார் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடு.

கல்லூரியின் பெயரை யாரும் கேட்பதில்லை, நீ எங்கே ஃபீல்டுவொர்க் செய்தாய் என்றுதான் கேட்பார்கள். லெவல் 2 ஃபீல்டுவொர்க் குறைந்தது 24 வாரம், முழு நேரம், பெரும்பாலும் சம்பளம் இல்லை. நான் படித்த இடத்தில் (பெயர் வேண்டாம்) வெளிநாட்டு மாணவர்களுக்கு இடம் பிடித்துக் கொடுப்பதில் அக்கறையே காட்டவில்லை. கூடப் படித்தவர்கள் எல்லாம் போய்ச் சேர்ந்தபின் நான் நாலு மாதம் வாடகை கொடுத்துக்கொண்டு காத்திருந்தேன். கடைசியில் கிடைத்த முதியோர் இல்லம் 40 மைல் தள்ளி. நம்ம ஊரில் பொள்ளாச்சி பஸ் ஏறிப் போகிற மாதிரி போக அங்கே பஸ்ஸும் இல்லை, கார் வாங்கக் கடன் வாங்கினேன். அதனால் இரண்டு கல்லூரிக்கும் மெயில் போட்டு நேராகக் கேள்: போன வருடம் வெளிநாட்டு மாணவர்கள் எத்தனை பேர், அவர்களுக்கு எங்கே இடம் கிடைத்தது, எவ்வளவு நாள் காத்திருந்தார்கள், கார் இல்லாமல் போக முடியுமா. மழுப்பலாகப் பதில் வந்தால் அதுவே பதில். எத்தனை பேர் படிப்பை முடித்தார்கள், எத்தனை பேர் பரீட்சை பாஸானார்கள் என்பதை அவர்கள் வெளியிட்டே ஆக வேண்டும், இரண்டையும் சேர்த்துப் பார். நூறு பேரில் முப்பது பேரை நடுவிலேயே கழித்துவிட்டு மீதியை வைத்து விகிதம் காட்டுவது பெரிய காரியம் இல்லை.

அந்த முதியோர் இல்லத்தில்தான் நான் வேலை கற்றேன் என்பதையும் சொல்ல வேண்டும். முதல் வாரம் ஒரு பெரியவர், பக்கவாதத்தில் இடது கை விழுந்தவர், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சட்டை போடுகிறார். விழுந்த கையை முதலில் நுழைக்க வேண்டும் என்பது ஊரிலேயே படித்ததுதான். அவர் வலது கையால் சட்டையின் கையைச் சுருட்டி, இடது விரல்களை ஒவ்வொன்றாக உள்ளே விடுகிறார், சுண்டுவிரல் துணியில் மாட்டிக்கொள்கிறது, திரும்ப முதலில் இருந்து. என் கை தானாக அவர் சட்டைப் பக்கம் போனது. நம்ம ஊரில் மகளோ மருமகளோ போட்டுவிடுவார்கள், அது அன்பு. என் சூப்பர்வைசர் பேசவில்லை, என் மணிக்கட்டில் விரலை வைத்து நிறுத்தினார். இருபது நிமிடம் ஆனது. கடைசி பட்டன் போட்டதும் அந்தப் பெரியவர் என்னைப் பார்க்கவில்லை, கண்ணாடியைத்தான் பார்த்தார். அப்புறம் அதைக் கோப்பில் எழுத வேண்டும், எத்தனை சதவீதம் அவரே செய்தார், எத்தனை சதவீதம் உதவி என்று. இன்ஷூரன்ஸ் பணம் கொடுப்பது அந்த எழுத்தைப் பார்த்துத்தான், ஆங்கிலம் கஷ்டப்படுத்துவது அங்கேதான், பேச்சில் இல்லை.

இன்னொன்று. உன்னுடன் இருந்த பிசியோ தோழி வந்து செட்டிலாகிவிட்டாள், நானும் அப்படியே வரலாம் என்று எழுதியிருக்கிறாய். பிசியோவும் நர்ஸும் ஷெட்யூல் ஏ என்ற பட்டியலில் இருக்கிறார்கள், கிரீன் கார்டு விண்ணப்பத்தில் லேபர் சர்டிபிகேஷன் என்ற கட்டம் அவர்களுக்கு இல்லை. ஓ.டி. அந்தப் பட்டியலில் இல்லை. முதலாளி விளம்பரம் கொடுத்து, ஆள் கிடைக்கவில்லை என்று காட்டி, பிறகுதான் நமக்கு. இந்தியாவில் பிறந்தவர்களுக்கு அதற்குப் பிறகும் வருடக்கணக்கில் வரிசை. வராதே என்று சொல்லவில்லை, நான் வந்தேன், இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. அவள் கணக்கை உன் கணக்காகப் போடாதே என்றுதான் சொல்கிறேன்.

உன் இடத்தில் நான் இருந்தால் மூன்று கல்லூரியிலும் சேர்க்கையைத் தள்ளிவைக்க முடியுமா என்று இந்த வாரமே கேட்பேன், ஓ.டி.இ.டி. விண்ணப்பத்தைப் போடுவேன், அதுவரை பாலக்காட்டு வேலையை விடமாட்டேன். பதில் வந்ததும் எனக்கு எழுது, பாதகமாக வந்தால் அந்தச் சின்ன ஊர் எம்.ஓ.டி.யைப் பற்றி உட்கார்ந்து கணக்குப் போடலாம். தோப்புப் பத்திரம் இப்போதைக்கு பீரோவிலேயே இருக்கட்டும் என்று அப்பாவிடம் நான் சொன்னதாகச் சொல்.