இரண்டு லட்சத்துப் பதினாலாயிரம் ரூபாய்க்கு ஒரு கிராபிக்ஸ் கார்டா?

2025 ஜனவரி 6 அன்று லாஸ் வேகாஸ் சிஇஎஸ் மின்னணுப் பொருள் கண்காட்சியில் என்விடியாவின் தலைமை அதிகாரி ஜென்சன் ஹுவாங், கம்ப்யூட்டர் திரைக்குப் படம் வரைந்து தரும் கிராபிக்ஸ் கார்டுகளில் ஆர்டிஎக்ஸ் 50 என்ற புது வரிசையை மேடையேற்றியதிலிருந்து இந்தப் பகுதிக்கு வருகிற கேள்விகள் பெரும்பாலும் அதன் உச்சக் கார்டான 5090-ஐப் பற்றித்தான். அன்று அறிவித்த விலை 1,999 டாலர், இந்தியாவில் 2,14,000 ரூபாய், ஜனவரி 30 முதல் விற்பனை. இந்தப் பெயர்களில் முதல் இரண்டு எண் தலைமுறை, அடுத்த இரண்டு எண் அந்தத் தலைமுறைக்குள் கார்டு இருக்கிற படி. கீழே வருகிற விலை, வரி, டாலர் மதிப்பு எல்லாம் 2025 ஜனவரி நிலவரம். வேறு கேள்வி அனுப்பியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், இந்த முறை முழுக்க இதற்கே விட்டுவிடுகிறேன்.

1,999 டாலரை 86 ரூபாயால் பெருக்கினால் 1,72,000 கூட வரவில்லை. மீதி 42,000 யார் பைக்குப் போகிறது? இந்தியர்கள் என்றால் இளிச்சவாயர்களா?
– வாசகர், திருப்பூர்

கோபம் நியாயம்தான், ஆனால் அதில் பெரும்பங்கு ஜிஎஸ்டி. அமெரிக்காவில் சொல்கிற விலையில் விற்பனை வரி சேராது, அது மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்பதால் பில் போடும்போதுதான் சேர்ப்பார்கள். நம் ஊரில் சொல்வது வரி உட்பட்ட விலை. 1,71,914 ரூபாய், அதன் மேல் 18 சதவீதம் 30,945, ஆக மொத்தம் 2,02,859. அதற்கு மேலே இருக்கிற 11,000 சொச்சத்தில்தான் இறக்குமதியாளரின் லாபம், போக்குவரத்து, ரூபாய் இன்னும் சரிந்தால் என்ன செய்வது என்கிற முன்னெச்சரிக்கை எல்லாம் அடங்கியிருக்கிறது.

2022-ல் 4090 வந்தபோது இதே கணக்கைப் போட்டால் 1,599 டாலர், அப்போது டாலர் 82 ரூபாயை ஒட்டி இருந்தது, வரியோடு 1,54,719 வருகிறது. அறிவித்த விலை 1,55,000. அதாவது அன்றைக்கு வைக்காத அந்த 5 சதவீதத்தை இன்றைக்கு வைத்திருக்கிறார்கள். கேள்வி கேட்க வேண்டியது அந்த 5 சதவீதத்தைப் பற்றித்தான். அப்புறம் ஒன்று, 2,14,000 என்பது ஆரம்ப விலை மட்டுமே. என்விடியா சில்லை வாங்கி ஆசுஸ், எம்எஸ்ஐ, ஜிகாபைட் எல்லாம் மூன்று விசிறி, நீர்க்குளிர்ச்சி என்று போட்டு விற்கிற கார்டுகள் அதற்கு மேலேதான் இருக்கும்.

என் மச்சான் மார்ச்சில் அமெரிக்காவிலிருந்து வருகிறார். அவரிடம் சொல்லி வாங்கிவரச் சொன்னால் லாபமா?
– வாசகர், நாகர்கோவில்

லாபம் இல்லை, கையைக் கடிக்கும். 2025 ஜனவரி விதிப்படி விமானத்தில் வருகிறவர் 50,000 ரூபாய் வரைக்கும்தான் வரியில்லாமல் பொருள் கொண்டுவர முடிந்தது. லேப்டாப்புக்கு இருக்கிற விலக்கு கிராபிக்ஸ் கார்டுக்குக் கிடையாது. 50,000-க்கு மேல் உள்ள மதிப்புக்கு 38.5 சதவீதம் சுங்கம் இருந்தது. மச்சான் விற்பனை வரியே இல்லாத ஓரிகன் மாநிலத்தில் வாங்கினார் என்றே வைத்துக்கொள்வோம். 1,71,914-ல் 50,000 போக மீதி 1,21,914. அதற்குச் சுங்கம் ஏறக்குறைய 47,000. மொத்தம் 2,18,900-ஐத் தொடுகிறது, இங்கே சொல்லியிருக்கிற விலையைவிட அதிகம். சுங்கத்தில் சொல்லாமல் கொண்டுவந்தால் என்ன என்று அடுத்து கேட்பீர்கள். அந்த யோசனையை நான் சொல்ல மாட்டேன், மச்சானைச் சிக்கலில் மாட்டிவிடாதீர்கள். தவிர, பல கம்பெனிகளின் வாரண்டி வாங்கிய நாட்டோடு சரி. இவ்வளவு விலை கொடுத்த பொருள் எட்டு மாதத்தில் படுத்துவிட்டால் திரும்பக் கப்பலேற்ற வேண்டிவரும்.

2,500 டாலர் வரை போகும் என்று டிசம்பர் முழுக்கப் பேசினார்கள். 1,999-க்கு வந்திருக்கிறது. சந்தோஷப்படாமல் ஏன் எல்லாரும் புலம்புகிறார்கள்?
– வாசகர், சேலம்

2,500 என்ற எண் முன்கூட்டியே காதில் விழுந்துவிட்டதால் 1,999 என்றதும் அப்பாடா என்று இருக்கிறது, அவ்வளவுதான். அந்த நிம்மதியை நம்பாதீர்கள். தனி வகையாக விற்ற விலையுயர்ந்த டைட்டன் கார்டுகளை விட்டுவிட்டுப் பார்த்தால், 2017-ல் உச்சத்தில் இருந்த ஜிடிஎக்ஸ் 1080 டிஐ 699 டாலர். 2018-ல் 2080 டிஐ-க்கு 999 என்று சொல்லிவிட்டுத் தங்கள் சொந்தத் தயாரிப்பான ஃபவுண்டர்ஸ் எடிஷனை 1,199-க்கு விற்றார்கள். 2020-ல் 3090, 1,499. 2022-ல் 4090, 1,599. எட்டு வருஷத்தில் மூன்று மடங்கை நெருங்கிவிட்டது.

ஆனாலும் எனக்கு 5090 மேல் பெரிய கோபம் இல்லை. 750 சதுர மில்லிமீட்டர் சில்லு அது. சில்லுகளை வெட்டியெடுக்கும் 300 மில்லிமீட்டர் சிலிக்கான் தட்டு (வேஃபர்) ஒன்றில் அந்த அளவில் சுமார் எழுபதுதான் வெட்ட முடியும், அதிலும் பழுதானவை கழியும். 32 ஜிபி புதுவகை ஜிடிடிஆர்7 மெமரி, அதற்குச் சில்லிலிருந்து 512 பிட் அகலப் பாதை. காசு எங்கே போயிருக்கிறது என்று கையில் தொட்டுக் காட்டலாம். வாங்க முடிந்தவர் வாங்கட்டும்.

என் கோபமெல்லாம் அதற்கு அடுத்த படியில் இருக்கிற 5080 மேல்தான். 999 டாலர், இங்கே 1,07,000 ரூபாய். ஒரே தலைமுறைக்குள் கோர்களை, அதாவது சில்லுக்குள் கணக்குப் போடும் சிறு அலகுகளை, எண்ணிப் பாருங்கள், ஏனென்றால் தலைமுறை மாறினால் கோர் கணக்கு ஒப்பிட உதவாது. 2020-ல் 3090-க்கு 10,496 கோர், 3080-க்கு 8,704. அதாவது உச்சக் கார்டில் 83 சதவீதம், விலையோ 699 டாலர், பாதிக்கும் குறைவு. 2022-ல் 4090-க்கு 16,384, 4080-க்கு 9,728, அது 59 சதவீதம். இப்போது 5090-க்கு 21,760, 5080-க்கு 10,752. பாதிகூட இல்லை. மெமரியும் 16 ஜிபி, சரிபாதி.

இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தால் நன்றாகவே புரியும். 3080 வாங்கியவருக்குக் கிடைத்தது 3090-ல் இருந்த அதே 628 சதுர மில்லிமீட்டர் பெரிய சில்லு, சில பகுதிகளை மட்டும் அணைத்து வைத்தது. 5080-ல் இருப்பதோ 378 சதுர மில்லிமீட்டர் உள்ள வேறு ஒரு சிறிய சில்லு. பெயரில் 80 அப்படியே இருக்கிறது, விலை 300 டாலர் ஏறியிருக்கிறது, உள்ளே இருப்பது ஒரு படி இறங்கியிருக்கிறது. 5070-க்கும் இதே கதைதான். 2020-ல் 3070-க்கு உச்சக் கார்டின் 56 சதவீதக் கோர், 4070-க்கு 36, இப்போது 28. உச்சக் கார்டே பெரிதாகிவிட்டதும் ஒரு காரணம் என்பது உண்மை, அதை மறைக்கவில்லை. ஆனால் அதன் பலன் கீழே இருப்பவனுக்கு ஏன் துளிகூட இறங்கி வரவில்லை?

முன்பெல்லாம் உச்சக் கார்டு வாங்குகிறவரைப் பார்த்து, பத்துப் பதினைந்து சதவீத வேகத்துக்காக இரண்டு மடங்கு கொடுக்கிறாரே என்று சொல்வோம். இப்போது பாதிக் கார்டுக்குப் பாதி விலை, முழுக் கார்டுக்கு முழு விலை. நடுத்தரமாகச் செலவு செய்து நல்ல பொருள் வாங்கலாம் என்றிருந்த இடத்தையே எடுத்துவிட்டார்கள். இத்தனைக்கும் அக்டோபர் 2024-ல் முடிந்த காலாண்டில் என்விடியாவின் மொத்த வருமானம் 35.1 பில்லியன் டாலர், அதில் டேட்டா சென்டர் மட்டும் 30.8, கேமிங் 3.3. பத்தில் ஒரு பங்குகூட இல்லாத வாடிக்கையாளரின் புலம்பலுக்கு எவ்வளவு காது கொடுப்பார்கள் என்பது அந்த எண்களிலேயே தெரிகிறது.

59,000 ரூபாய் 5070, 4090-க்குச் சமம் என்று ஜென்சனே மேடையில் சொன்னாரே, அப்படியென்றால் அதுதானே லாபம்?
– கல்லூரி மாணவர், மதுரை

இல்லை தம்பி. டிஎல்எஸ்எஸ் 4 என்ற என்விடியாவின் ஏஐ தொழில்நுட்பத்தில் உள்ள மல்டி ஃப்ரேம் ஜெனரேஷன் என்ற புது வசதி, கார்டு நிஜமாக வரைந்த ஒரு ஃப்ரேமுக்கு (திரையில் அடுத்தடுத்து வரும் படங்களில் ஒன்று) அப்புறம் மூன்று ஃப்ரேமை ஏஐ-யே உருவாக்கி நுழைக்கிறது. 4090-ல் நுழைக்க முடிந்தது ஒன்றுதான். அந்த மூன்றையும் கணக்கில் சேர்த்துத்தான் சமம் என்கிறார்கள். ஜென்சன் தானே சொன்ன கணக்கு இது: 4கே-யில் நான்கு ஃப்ரேம் என்றால் 3.3 கோடி பிக்சல், அதில் கார்டு உண்மையில் கணக்கிடுவது 20 லட்சம்தான், மற்றதெல்லாம் ஏஐ ஊகித்துப் போடுவது.

கதை சொல்லும் விளையாட்டுகளில் பார்க்க இது அழகாகவே இருக்கும், நான் மறுக்கவில்லை. ஆனால் திரையில் நொடிக்கு 120 ஃப்ரேம் என்று காட்டும்போது உங்கள் மவுஸ் அசைவைக் கேட்டு வரைந்தவை 30 தான் என்றால், கைக்குத் தெரிவது அந்த 30-ன் மந்தம். வேலோரண்ட் மாதிரி நொடியில் சுட வேண்டிய விளையாட்டில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அது மட்டுமில்லை, 4090-ல் 24 ஜிபி, 5070-ல் 12. மெமரி நிறைந்துவிட்டால் எந்த ஏஐ-யும் காப்பாற்றாது. தனியார் விமர்சனங்களில் ஃப்ரேம் ஜெனரேஷனை அணைத்துவிட்டு எடுத்த எண்களை மட்டும் முதலில் பார்.

அண்ணா, இறுதியாண்டு கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறேன். ஏஐ மாடல்களை வீட்டிலேயே ஓட்டிப் பார்க்க 5090-க்கு அப்பாவிடம் கேட்கலாமா?
– மாணவி, கோவை

கேட்காதேம்மா. நான்கு பிட்டாகச் சுருக்கிய மாடலில் ஒரு பாராமீட்டருக்கு, அதாவது மாடல் கற்றுவைத்திருக்கும் ஓர் எண்ணுக்கு, அரை பைட். 700 கோடி பாராமீட்டர் உள்ள மாடல் 3.5 ஜிபி, மேலே கொஞ்சம். 8 ஜிபி கார்டிலேயே ஓடும். 7,000 கோடி பாராமீட்டர் என்றால் 35 ஜிபி, 5090-லும் அடங்காது. இடைப்பட்ட அளவுகளுக்குத்தான் 32 ஜிபி உதவும், அது உனக்கு இப்போதே தேவையா என்று பார். கூகுள் கோலாப் இணையத்தில் இலவசமாகத் தருகிற டி4 கார்டில் ஆரம்பி, படிப்புக்கு அது போதும். வேலை கிடைத்த பிறகும் ஆசை இருந்தால் பழைய 3090 ஒன்று பார்க்கலாம், 24 ஜிபி இருக்கிறது. ஆனால் அவற்றில் கிரிப்டோ மைனிங்கில் (டிஜிட்டல் நாணயம் சம்பாதிக்கப் போடும் கணக்கு) இரவு பகலாக ஓடியவை நிறைய. 3090-ல் மெமரி சில்லுகள் பலகையின் பின்பக்கமும் இருக்கும், அங்கேதான் சூடு ஏறும். வாங்குவதற்கு முன் அரை மணி நேரம் ஓடவிட்டு மெமரி வெப்பநிலையைப் பார், 110 டிகிரியைத் தொட்டு வேகம் குறைந்தால் விட்டுவிடு.

எங்கள் வீட்டு யூபிஎஸ் 5090-ஐத் தாங்குமா? கரன்ட் பில் எவ்வளவு கூடும்?
– வாசகர், தாம்பரம்

வீடுகளில் பரவலாக இருக்கிற 600 விஏ யூபிஎஸ் தருவது 360 வாட்ஸ் அளவுதான். கார்டு மட்டுமே 575 வாட்ஸ், என்விடியா சொல்கிற பவர் சப்ளை 1,000 வாட்ஸ். விளையாடும் நேரத்தில் கரன்ட் போனால் யூபிஎஸ் அந்த நொடியே கைவிட்டுவிடும். பில்லுக்கு வருவோம். தினம் நான்கு மணி நேரம் முழு வேகத்தில் ஓடினால் 2.3 யூனிட், இரண்டு மாதத்துக்கு 138 யூனிட், கார்டுக்கு மட்டும். இதனால் மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் கீழ் அடுக்குகளின் கட்டணமும் சேர்ந்து மாறிவிடும், அதைக் கவனியுங்கள். 575 வாட்ஸும் கடைசியில் அறைக்குள்தான் சூடாக இறங்குகிறது. ஒரு டன் ஏசியின் திறனில் ஆறில் ஒரு பங்கை அதுவே தின்றுவிடும், மே மாதத்தில் தெரியும்.

கார்டுக்குக் கரன்ட் தரும் கேபிளைக் கடைசிவரை அழுத்திச் செருகுங்கள். 2022-ல் 4090-ன் இணைப்பான்கள் உருகியதாகச் சுமார் 50 புகார்கள் வந்ததாக என்விடியா சொன்னது, சரியாகச் செருகாததுதான் பொதுவான காரணம் என்றும் சொன்னது.

நாம் இங்கே உட்கார்ந்து கத்தி என்ன ஆகப்போகிறது? விலை குறையவா போகிறது? கையில் 3060 டிஐ இருக்கிறது, விற்றுவிட்டு 5070 டிஐ வாங்கப் பணம் சேர்க்கிறேன்.
– வாசகர், திருச்சி

கத்தியதால் நடந்திருக்கிறது. 2022-ல் 4080 என்ற ஒரே பெயரில் 16 ஜிபி, 12 ஜிபி என்று இரண்டு கார்டுகளை அறிவித்தார்கள். 12 ஜிபி கார்டில் மெமரி மட்டுமில்லை, சில்லே வேறு, விலை மட்டும் 899 டாலர். எதிர்ப்பு கிளம்பியதும் அக்டோபர் 14 அன்று அதைத் திரும்பப் பெற்றார்கள். ஜனவரி 2023-ல் அதே கார்டு 4070 டிஐ என்று பெயர் மாறி 799-க்கு வந்தது. மீதமிருந்த 4080-ஐ 1,199 டாலர் கொடுத்து வாங்கப் பலர் தயங்கினார்கள், ஒரு வருஷம் கழித்து 4080 சூப்பர் 999-க்கு வந்தது.

போட்டி இருந்தால் இன்னும் வேகமாக இறங்கும். 2008 ஜூனில் ஜிடிஎக்ஸ் 280-ஐ 649 டாலருக்கு விட்டார்கள், அதே மாதம் போட்டி நிறுவனமான ஏஎம்டி தன் எச்டி 4870-ஐ 299-க்குக் கொண்டுவர, சில வாரங்களிலேயே 280-ன் விலை 499 ஆனது. இப்போது உச்சத்தில் அப்படிப் போட்டி கிடையாது. உச்சக் கார்டைவிடச் சந்தைப் பங்குதான் முக்கியம் என்று ஏஎம்டியின் உயர் அதிகாரி ஜாக் ஹுயின் 2024 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டார். அதனால் 5090-ன் விலை குறையும் என்று காத்திருப்பதில் பயனில்லை. நீங்கள் பார்க்கிற, 80,000 ரூபாய் என்று அறிவித்த 5070 டிஐ கதை வேறு. அந்தப் படியில் ஏஎம்டியின் 9070 போட்டிக்கு இருக்கிறது, 2025 சிஇஎஸ்ஸில் அதன் விலையைச் சொல்லவில்லை, என்விடியாவின் விலையைப் பார்த்துவிட்டுத்தான் சொல்வார்கள் என்று எனக்குப் பட்டது.  இரண்டின் விலையையும் விமர்சனத்தையும் பார்க்கும்வரை அந்த 3060 டிஐ-யை விற்காதீர்கள். கடைக்காரர் முன்பணம் கேட்டாலும், பவர் சப்ளையோடு சேர்த்து வாங்கினால்தான் கார்டு என்று மைனிங் காலத்தில் சொன்ன மாதிரிச் சொன்னாலும், அடுத்த கடைக்கு நடந்துவிடுங்கள்.