இரவு ஒன்பது மணிக்கு மேல் கடைத்தெரு: கேள்வி பதில்

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை மூன்று ஊரிலும் காவல்துறைக் குற்றப்பிரிவில் இருந்து, உதவி ஆய்வாளராக ஓய்வு பெற்றவன் நான். கடைத்தெரு, பேருந்து நிலையம், கோயில் வீதி, இந்த மூன்றின் பாதுகாப்பு பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த வரிசையில் பதில்.

கும்பகோணம், பாத்திரக் கடைக்காரர்: தெருக்காரர்கள் சேர்ந்து 16 கேமரா போடப்போகிறோம். போதுமா சார்?

போதாது. 2019 அக்டோபரில் திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு நகைக்கடையின் பின்சுவரைத் துளைத்து உள்ளே போனார்கள். கேமரா எல்லாவற்றையும் பதிவு செய்தது, பதிவானது முகமூடிதான். முதல் ஆள் சிக்கியது அடுத்த நாள் திருவாரூரில், சாதாரண வாகனச் சோதனையில். ரோட்டில் நின்ற போலீஸ்காரர்கள் வண்டியை நிறுத்தினார்கள், நகை இருந்தது.

கேமரா வேண்டாம் என்று சொல்லவில்லை. நடந்த பிறகு வழக்குக்கு அது பெரிய உதவி. ஆனால் 16 போடுகிற காசில் 8 போடுங்கள். மிச்சத்தில் ஒரு இரவுக் காவலாளிக்குச் சம்பளம் கொடுங்கள், பின்சந்துக்கு விளக்குப் போடுங்கள். கடை வாசலை எல்லாரும் பார்க்கிறோம், பின்சுவரை யாரும் பார்ப்பதில்லை. கேமராவை முகம் தெரிகிற உயரத்தில் வையுங்கள். உச்சியில் மாட்டினால் தலைமுடிதான் தெரியும். பதிவுப் பெட்டியைக் கல்லாவுக்குக் கீழே வைக்காதீர்கள், கல்லாவோடு சேர்த்து அதையும் தூக்கிக்கொண்டு போவார்கள். வாரம் ஒருமுறை பதிவாகிறதா என்று ஒருவர் பார்க்க வேண்டும். நான் போய்க் கேட்ட கடைகளில் பாதிக்கு மேல் "அது ரிப்பேருங்க சார்" என்றுதான் பதில் வந்தது.

திருவாரூர் பக்கம், விவசாயி: நெல்லுக்கான பணம் வங்கிக்கு வந்துவிட்டது. எடுக்கப் போகும்போது என்ன கவனிக்க வேண்டும்?

ஐயா, நல்ல கேள்வி. கொள்முதல் பணம் கணக்கில் ஏறுகிற வாரங்களில் வங்கி வாசலில் உட்கார்ந்து பார்க்கவென்றே வெளியூரிலிருந்து ஆள் வருவார்கள். ஒருவன் உள்ளே நின்று யார் எவ்வளவு எடுக்கிறார் என்று பார்ப்பான். வெளியே இன்னொருவன் உங்கள் வண்டிக்குப் பக்கத்தில் பத்து ரூபாய் நோட்டுகளைச் சிதறவிட்டு "பெரியவரே, உங்க பணம் விழுந்துட்டுது" என்பான். இல்லையென்றால் சட்டையில் அசிங்கம் ஒட்டியிருக்கிறது என்று குழாயடியைக் காட்டுவான். நீங்கள் குனிகிற நேரத்தில் டேங்க் கவரில் இருந்த பை போய்விடும். வங்கிக்குத் தனியாகப் போகாதீர்கள். பணத்தை வண்டியில் வைத்துவிட்டு டீ குடிக்காதீர்கள். அந்நியர் யாராவது உங்கள் நல்லதுக்குப் பேசினால் முதலில் பையை மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள், பிறகு திரும்பிப் பாருங்கள்.

மன்னார்குடி, கல்லூரி மாணவர்: பேருந்து நிலையத்தில் போன் போய்விட்டது.

தம்பி, போன் வாங்கிய பெட்டியில் ஐஎம்இஐ என்கிற 15 இலக்க எண் இருக்கும், அதுதான் போனின் அடையாளம். காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து புகார் கொடுத்ததற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்குங்கள். பிறகு மத்திய அரசின் சிஇஐஆர் இணையதளத்தில் போனை முடக்குங்கள். இதைப் படிக்கிற மற்றவர்கள் இப்போதே நட்சத்திரம், ஹேஷ், 06, ஹேஷ் அழுத்தி உங்கள் எண்ணை எழுதி வையுங்கள்.

தஞ்சாவூர், ஜவுளிக்கடை உரிமையாளர்: நடைபாதைக் கடைகளை எடுத்தாலே பாதித் திருட்டு நின்றுவிடும். கூட்டத்தில்தானே பிக்பாக்கெட் அடிக்கிறான்?

நான் இதை ஒப்புக்கொள்ள மாட்டேன். மயிலாடுதுறையில் இருந்தபோது இரவு ஒன்பதரைக்கு ஒருவன் சங்கிலி அறுத்துக்கொண்டு போனான். வண்டி எண்ணின் கடைசி இரண்டு இலக்கம், அவன் போட்டிருந்த செருப்பு நிறம், எந்தச் சந்தில் திரும்பினான், மூன்றையும் சொன்னது பூக்கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா. எதிரே இருந்த பெரிய கடைகள் எட்டரைக்கே ஷட்டரை இறக்கியிருந்தன. நம் ஊர்களில் திண்ணை இருந்தது. இப்போது அதற்கும் கம்பிக்கதவு போட்டு அடைத்துவிட்டோம். ராத்திரியில் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருப்பது இட்லிக் கடைக்காரரும் பூக்கார அம்மாவும்தான்.

அதே கடைக்காரர்: தீபாவளி வாரத்தில் வந்து பாருங்கள் சார், பெண்கள் நடக்கவே இடமில்லை. எங்கள் வாடிக்கையாளர் பர்ஸ் போகிறது.

தீபாவளி வாரம் பற்றி நீங்கள் சொல்வது சரி. நெரிசலில்தான் பிளேடு போடுவான். அதற்கு வழி, வண்டிகளை வெளியே நிறுத்தச் சொல்லி, தள்ளுவண்டிகளை ஒரு பக்கமாக வரிசைப்படுத்துவது. அந்த ஒரு வாரத்துக்காக வருஷம் முழுவதும் தெருவைக் காலியாக்கக் கூடாது. 2014 தெருவோர வியாபாரிகள் சட்டப்படி வியாபாரிகளின் கணக்கெடுப்பு முடியாமல் யாரையும் அகற்றவும் முடியாது. நகர விற்பனைக் குழு என்று ஒன்று உண்டு, அதில் குறைந்தது நூற்றுக்கு 40 பேர் வியாபாரிகளாக இருக்க வேண்டும். உங்கள் வணிகர் சங்கம் அந்தக் குழுவில் போய் உட்கார்ந்து பேசட்டும்.

கும்பகோணம், பூ வியாபாரி: நாங்க பார்த்துச் சொன்னா கோர்ட்டு கோர்ட்டுன்னு அலைய விடுறாங்க. யாரு சொல்லுவா?

அம்மா, உங்கள் கோபம் நியாயம். ஒருநாள் வியாபாரம் போனால் அன்றைக்கு அடுப்பு எரியாது. சாட்சிக்கு வருகிறவரைக் காலையிலிருந்து சாயங்காலம்வரை வராண்டாவில் நிற்கவைத்ததை நானும் பார்த்திருக்கிறேன், அப்போது நான் குரல் கொடுக்கவில்லை. அது என் தப்பு. சம்மன் வந்தால் சாட்சிக்கு வந்துபோகிற செலவுக்கான படியைக் கேளுங்கள், அது உங்கள் உரிமை.

நாகப்பட்டினம்: எந்த கம்பெனி கேமரா நல்லது?

முதல் பதிலைப் படியுங்கள்.

தஞ்சாவூர், கடையில் வேலை பார்க்கும் பெண்: ஒன்பதரைக்கு விடுகிறார்கள். பேருந்து நிறுத்தம்வரை இருட்டு. குடித்துவிட்டு நிற்கிறார்கள்.

அம்மா, இது உங்கள் ஒருவர் பிரச்சினை இல்லை, அந்தத் தெருவின் பிரச்சினை. ஆபத்து என்றால் 112, பெண்களுக்கு 181. இரண்டையும் போனில் முதல் வரிசையில் வையுங்கள். ஆனால் அதற்கு முன்னால் செய்ய வேண்டியது உங்கள் முதலாளியின் வேலை. டாஸ்மாக் 10 மணிக்கு மூடுகிறது, நீங்கள் நடப்பது அதற்குச் சற்று முன்னால். அரைமணி முன்னால் விட்டாலே பாதிப் பயம் போய்விடும். முடியாதென்றால் பெண்களைச் சேர்த்து அனுப்பி, நிறுத்தம்வரை ஒருவரை உடன் நடக்கச் சொல்ல வேண்டும். விளக்கு விஷயமும் சொல்கிறேன்: கம்பத்தில் விளக்கு எரிந்தாலும் மரக்கிளை மறைத்தால் கீழே இருட்டுதான். மாநகராட்சிக்கு எழுதும்போது கம்பத்தின் எண்ணையும் போட்டு, கிளையை வெட்டச் சொல்லி எழுதுங்கள். இருபது பேர் கையெழுத்து வாங்குங்கள்.

மயிலாடுதுறை: சங்கிலி பறிப்பு. நிலையத்தில் வழக்குப் போடாமல் வெறும் ரசீது கொடுத்தார்கள்.

2024 ஜூலை 1 முதல் பறிப்புக்குத் தனிப் பிரிவே இருக்கிறது, பாரதிய நியாய சன்ஹிதா 304. மூன்று வருடம்வரை சிறை. தொலைந்துபோனது என்று எழுதச் சொன்னால் எழுதாதீர்கள், பறித்தான் என்று எழுதுங்கள். முதல் தகவல் அறிக்கையின் நகல் உங்களுக்கு இலவசம். மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்புங்கள், அதற்கும் பிறகு நீதித்துறை நடுவர் இருக்கிறார். ஒரு தெருவில் நான்கு பறிப்பு நடந்து, நான்கும் ரசீதோடு நின்றால், கணக்கில் அந்தத் தெருவில் குற்றமே இல்லை. அங்கே ரோந்து எதற்கு வரும்?

திருத்துறைப்பூண்டி: பங்காளி வேலியைத் தள்ளிப் போட்டுவிட்டான்.

வக்கீலைப் பாருங்கள்.

பட்டுக்கோட்டை: எத்தனை மெகாபிக்சல் கேமரா வாங்கலாம்?

முதல் பதில். விளக்குப் போட்டீர்களா என்பதை முதலில் சொல்லுங்கள்.

தஞ்சாவூர் ஜவுளிக்கடை உரிமையாளர், மறுபடியும்: சரி சார், வியாபாரிகள் இருக்கட்டும். சங்கத்தில் பேசுகிறேன். எங்கள் பங்குக்கு என்ன செய்வது?

ஷட்டரை இறக்கினாலும் வாசல் விளக்கை அணைக்காதீர்கள், 11 மணிவரை எரியட்டும். பூக்கார அம்மாவிடம் உங்கள் போன் நம்பரைக் கொடுங்கள். இன்றைக்கே கொடுங்கள்.