14 அணிகளின் பிட்சர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பேஸ்பால் பற்றிய சென்ற வாரக் கட்டுரையில், பந்து வீசுபவரான எட்வின் ஜாக்சனை 'நான் மிகவும் மதிக்கும் பிட்சர்' என்று எழுதியிருந்தீர்கள். நான் சிகாகோவில் வசிப்பவன். 2013இல் எங்கள் ஊர் கப்ஸ் அணியின் மைதானமான ரிக்லி ஃபீல்டில் அவர் வீசியதை மகனோடு போய்ப் பார்த்தேன். கப்ஸ் அணி நான்கு வருடத்துக்கு 52 மில்லியன் டாலர் பேசி எடுத்த ஆள். அந்த வருடம் அவர் கணக்கில் 8 வெற்றி, 18 தோல்வி. அடுத்த வருடம் 6 வெற்றி, 15 தோல்வி. நாங்கள் போன அன்று சுற்றியிருந்தவர்கள் போட்ட கூச்சலில் மகன் பயந்தே போனான். மொத்தக் கணக்கும் 107 வெற்றி, 133 தோல்விதான். 14 அணிகளுக்கு ஆடினார் என்றால், 13 அணிகள் வேண்டாம் என்று அனுப்பிவிட்டன என்றுதானே பொருள்? எத்தனையோ பெரிய பிட்சர்கள் இருக்க, இவர் ஏன்?

ஆர்.,
சிகாகோ

அன்புள்ள ஆர்.,

நீங்கள் சொன்ன எண்கள் எல்லாம் சரி. 2014 இன்னும் மோசம், ஈ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக பிட்சர் விட்டுக்கொடுக்கும் ரன்; குறைந்தால் நல்லது) 6.33. அதற்கு நான் சப்பைக்கட்டு கட்டப்போவதில்லை. ஆனால் '13 அணிகள் அனுப்பிவிட்டன' என்பதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

2006 முதல் 2011 வரை ஜாக்சன் ஆறு முறை கைமாறினார். ஆறும் வர்த்தகம். அதாவது ஆறு முறையும் யாரோ ஒருவர் அவரைக் கேட்டு, பதிலுக்குத் தன் வீரர்களைக் கொடுத்து வாங்கியிருக்கிறார். 2009 டிசம்பரில் டெட்ராய்ட்டிலிருந்து அரிசோனாவுக்குப் போனாரே, மூன்று அணிகள் சேர்ந்து செய்த அந்தப் பேரத்தில் எதிர்த்திசையில் டெட்ராய்ட் வந்தவர் மாக்ஸ் ஷெர்சர். பின்னாளில், வருடத்தின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை மூன்று முறை வாங்கியவர். அன்று இருவரும் ஒரே தராசில் இருந்தார்கள்.

அமெரிக்க பேஸ்பாலில் வீரரின் சம்மதம் கேட்டு வர்த்தகம் நடப்பதில்லை. தொலைபேசி வரும், பெட்டியைக் கட்ட வேண்டும். ஒப்பந்தத்தில் தனியாக எழுதி வாங்காமல் மறுக்கும் உரிமை வேண்டுமென்றால் பெரிய லீகில் பத்து வருடம் ஆடியிருக்க வேண்டும், அதில் கடைசி ஐந்து வருடம் ஒரே அணியில் இருந்திருக்க வேண்டும். ஜாக்சன் 17 சீசன்கள் ஆடினார். முதல் நிபந்தனை நிறைவேறியது. இரண்டாவதை அவர் எட்டவே இல்லை. ஓயாமல் ஊர் மாறிய ஒருவருக்குத்தான் அந்தப் பாதுகாப்பு கடைசிவரை கிடைக்கவில்லை என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும். பிறந்ததே ஜெர்மனியின் நொய்-உல்மில். அப்பா அமெரிக்க ராணுவத்தில் இருந்தார். மாற்றல் உத்தரவு அவருக்குப் பிறவியிலேயே வந்தது.

அவரை எல்லோரும் கேட்டதற்குக் காரணம் அந்தக் கை. 2003 செப்டம்பர் 9, இருபதாவது பிறந்தநாள். லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணிக்காக முதல் ஆட்டம், எதிரில் வீசியவர் ஜாம்பவான் ராண்டி ஜான்சன். ஜெயித்தது ஜாக்சன். அந்த வேகத்தைப் பார்த்த ஒவ்வொரு பயிற்சியாளரும் 'இவனிடம் கட்டுப்பாடு மட்டும் வந்துவிட்டால் போதும்' என்று நினைத்திருப்பார். கட்டுப்பாடு சில வருடம் வந்தது, சில வருடம் வரவில்லை. 2009இல் ஆல்-ஸ்டார், அதாவது அந்த வருடத்தின் சிறந்த வீரர்கள் ஆடும் ஆட்டத்துக்குத் தேர்வு. 2013இல் நீங்கள் பார்த்தது.

அந்த 18 தோல்விகளையும் நான் வேறு மாதிரி பார்க்கிறேன். அந்த வருடம் கப்ஸ் 96 ஆட்டம் தோற்ற அணி. ஜாக்சன் 31 முறை தொடக்கப் பிட்சராக ஆட்டத்தைத் தொடங்கினார். முறை வந்த நாளில் பந்தை வாங்கிக்கொண்டு போய், பந்துவீசும் மேட்டில் நின்றார். ஒருவர் 18 ஆட்டம் தோற்க வேண்டுமென்றால் அத்தனை முறை அவரை நம்பிப் பந்தைக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

2011 ஜூலை 27ஐயும் சொல்லிவிடுகிறேன். அன்று ஒரே நாளில், உங்கள் சிகாகோவின் இன்னொரு அணியான ஒயிட் சாக்ஸ் அவரை டொரண்டோவுக்குக் கொடுத்தது, டொரண்டோ செயின்ட் லூயிஸுக்குக் கொடுத்தது. டொரண்டோ சட்டையை அவர் போடவே இல்லை. அதே பேரத்தில் அவருடன் செயின்ட் லூயிஸ் போன இன்னொரு பிட்சர் ஒக்டேவியோ டொட்டெல். அந்த வருடம் இருவரும் உலகத் தொடர் என்னும் இறுதித் தொடரை வென்ற அணிக்கான மோதிரம் வாங்கினார்கள். அடுத்த வருடம் டொட்டெல் 13 அணிகளுக்கு ஆடியவர் என்ற சாதனையை வைத்தார். 2019 மே மாதம் அதை முறியடித்தவர் ஜாக்சன், அதுவும் எட்டு வருடம் முன்பு போடாமல் விட்ட அந்த டொரண்டோ சட்டையில். டொட்டெல் 2025 ஏப்ரலில் சாண்டோ டொமிங்கோவில் ஓர் இரவு விடுதியின் கூரை இடிந்து இறந்தபோது, எனக்கு அந்த 2011 அணிதான் நினைவுக்கு வந்தது.

அந்த டொரண்டோ சட்டைக்கு முந்தைய வருடம், 2018இல், ஓக்லாண்ட் அணி. ஜாக்சனுக்கு வயது 34. மைனர் லீக் என்னும் கீழ்நிலை லீகுக்கான ஒப்பந்தத்தில் கீழிருந்து ஏறி வந்தார். 17 ஆட்டம் தொடங்கி, 6 வெற்றி, 3 தோல்வி, ஈ.ஆர்.ஏ. 3.33. அணி, சாம்பியனை முடிவுசெய்யும் பிளே-ஆஃபுக்குப் போனது. 52 மில்லியன் ஒப்பந்தம் முடியும் முன்பே கப்ஸ் விடுவித்த மனிதர், பேருந்தில் ஊர் ஊராகப் போகும் மைனர் லீகுக்கு மறுபடி போகத் தயாராக இருந்தார். நான் அவரை மதிப்பது முக்கியமாக இதற்காகத்தான்.

உங்கள் மகன் இப்போது வளர்ந்திருப்பான். அவனோடு உட்கார்ந்து 2010 ஜூன் 25 ஆட்டத்தைப் பாருங்கள். அரிசோனாவுக்காக, தான் மூன்று வருடம் ஆடிய டாம்பா பே அரங்கிலேயே, அந்தப் பழைய அணிக்கு எதிராக வீசினார். எதிரணிக்கு ஒரு ஹிட்கூட (பந்தை அடித்துப் பேஸைச் சேர்வது) இல்லை. ஆனால் எட்டுப் பேரை 'வாக்' கொடுத்து ஓசியில் முதல் பேஸுக்கு அனுப்பியிருக்கிறார். சாதாரணமாக நூறு பந்தைத் தாண்டினாலே மேலாளர் எழுந்து வந்துவிடுவார். ஜாக்சன் 149 வீசினார். ஆட்டம் 1–0. ஐந்தே வாரத்தில் அரிசோனா அவரை ஒயிட் சாக்ஸுக்குக் கொடுத்துவிட்டது.

நேரம் இல்லையென்றால் மூன்றாவது இன்னிங்ஸை மட்டும் பாருங்கள். மூன்று பேஸிலும் ஆள் நிற்கிறார்கள், ஒருவர்கூட அவுட் இல்லை.