ஆஃப்டர்மார்க்கெட் எஞ்சின் பிளாக்: எதைப் பார்த்து வாங்குவது, வாங்கியதும் அப்படியே பூட்டலாமா?

துபாயில் வேலை பார்க்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். பழைய செவ்ரோலெட் 350 வி8 எஞ்சின் ஒன்றை மணல்மேட்டு ஓட்டத்துக்காக 600 குதிரைத்திறன் வரை ஏற்றப் பார்க்கிறாராம். எஞ்சினோடு வந்த கம்பெனி பிளாக், அதாவது பிஸ்டன்கள் ஓடும் வார்ப்பு உடல், தாங்காது என்று எல்லோரும் சொல்கிறார்கள். வேறு கம்பெனிகள் தனியாகச் செய்து விற்கும் ஆஃப்டர்மார்க்கெட் பிளாக் வாங்கினால் எதைக் கவனிக்க வேண்டும், பெட்டியைப் பிரித்து நேரே பூட்டிவிடலாமா என்பது கேள்வி.

பூட்டக்கூடாது. நெல் மூட்டை வாங்கி வந்தவர் சோறு வாங்கி வந்ததாக நினைத்தால் எப்படி? ஊறவைத்து, அவித்து, காயவைத்து, ஆலைக்குப் போய் வந்த பிறகுதான் அது உலைக்கு அரிசி. புது பிளாக்கும் அந்த நிலையில்தான் உங்கள் கைக்கு வருகிறது.

நான் கும்பகோணத்தில் எஞ்சின் போரிங் பட்டறை வைத்திருக்கிறேன். ஜூன் 12-இல் மேட்டூர் திறக்கும் என்று பேச்சு எழுந்தால் பவர் டில்லர்கள் வரும், தை, மாசியில் அறுவடை இயந்திரங்கள் வரும், ஆண்டு முழுக்க டிராக்டர் லைனர் (சிலிண்டருக்குள் பொருத்தும் உள் குழல்) வேலை இருக்கும். அதற்கு முன்பு பதினோரு ஆண்டுகள் ஷார்ஜாவில் ஓர் எஞ்சின் பட்டறையில் இருந்தேன். அங்கே மணலில் ஏறும் வண்டிகளின் செவ்ரோலெட் வி8, நிசான் பேட்ரோலின் 4.8 லிட்டர் டிபி48 என்று கை வைத்த பிளாக்குகள் ஏராளம். கேள்வியைப் பார்த்ததும் பதில் எழுத உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம்.

முதலில், புது பிளாக் உங்களுக்குத் தேவையா? 350 எஞ்சினின் போர், அதாவது பிஸ்டன் ஓடும் துளையின் விட்டம், 4 அங்குலம். ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 3.48 அங்குலம். நல்ல நிலையில் இருக்கும் கம்பெனி பிளாக்கை 4.030 அங்குலத்துக்கு ஏற்றி, 3.75 அங்குல ஸ்ட்ரோக் தரும் கிராங்க் (பிஸ்டன்கள் சுற்றவைக்கும் தண்டு) போட்டால் 383 கன அங்குலம், அதாவது 6.3 லிட்டர்வாக்கில் கிடைக்கும். 400, 450 குதிரைத்திறன் வரை நான் பழைய பிளாக்கையே வைத்துக்கொள்ளச் சொல்வேன். அதற்கு மேல் போனால் கிராங்கைக் கீழிருந்து பிடித்திருக்கும் மெயின் கேப் தன் இருக்கையில் நடமாட ஆரம்பிக்கும். கழற்றிப் பார்த்தால் கேப்பும் பிளாக்கும் சேரும் முகத்தில் அரித்தது போல மங்கலான தடம் தெரியும். போர்ச் சுவரும் வளையும், ரிங் ஒட்டி நிற்காது, புகை கிராங்க் கேஸுக்குள் இறங்கும். உங்கள் 600 என்ற எண்ணுக்குப் புது பிளாக் நியாயமான செலவுதான்.

பழைய பிளாக்கிலேயே போய்ப் பார்க்கலாம் என்று ஆசை இருந்தால், அல்ட்ராசானிக் கருவியால் ஒவ்வொரு போரின் சுவர்க் கனத்தையும் அளக்கச் சொல்லுங்கள். வார்க்கும்போது உள் மணல் அச்சு சற்று நகர்ந்திருந்தால் ஒரு பக்கச் சுவர் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. பிஸ்டன் சாய்ந்து அழுத்தும் பக்கத்தில் 5 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் நான் அந்த வேலையை எடுப்பதில்லை.

இனி தேர்வு. இந்த வகை எஞ்சினில் ஒரு போரின் நடுவிலிருந்து அடுத்த போரின் நடுவுக்கு 4.4 அங்குலம். 1955-இல் வைத்த அந்த இடைவெளி பின்னால் வந்த எல்எஸ் என்ற வி8 எஞ்சின்களிலும் மாறவில்லை. ஆஃப்டர்மார்க்கெட் பிளாக்குகளில் போரை 4.125 அங்குலம் வரை தாராளமாகக் கொண்டுபோகலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: இரண்டு போருக்கு நடுவே மிஞ்சுவது ஏழே மில்லிமீட்டர் இரும்பு. அதற்குள் தண்ணீர் ஓட இடமில்லை. அதனால்தான் இவற்றில் பக்கத்துப் பக்கத்துப் போர்களை ஒட்டியே வார்த்துவிடுகிறார்கள். சுவருக்குப் பலம் கூடும், நடுவில் சூடும் கூடும். மணல்மேட்டில் மெதுவாக, நீண்ட நேரம் திணறி ஏறும் வண்டிக்கு ரேடியேட்டரைப் பற்றி இப்போதே யோசித்து வையுங்கள்.

வார்ப்பிரும்பா அலுமினியமா? அலுமினிய பிளாக் ஏறத்தாழ பாதி எடைதான். ஆனால் சூட்டில் வார்ப்பிரும்பைப் போல இரண்டு மடங்கு விரியும். குளிர்ந்திருக்கும்போது நீங்கள் பார்த்துப் பார்த்து வைத்த மெயின் பேரிங் இடைவெளி, எஞ்சின் சூடானதும் பெருகிவிடும். அதைக் கணக்கில் வைத்துக் கட்டத் தெரிந்தவர் கைக்கு அது நல்ல பொருள். முதல் முறை கட்டுபவருக்கு என் வாக்கு வார்ப்பிரும்புக்குத்தான். முழுக் கட்டியைக் குடைந்து செய்யும் பிளாக்குகள் இன்னொரு உலகம். தண்ணீர் வழியே இல்லாதவையும் அவற்றில் உண்டு. சில விநாடிகள் ஓடி நிற்கும் டிராக் (நேர்கோட்டுப் பந்தய) வண்டிக்கு அது போதும், உங்களுக்கு உதவாது.

ஆர்டர் போடும் முன் கிராங்கின் மெயின் ஜர்னல் (பேரிங்கில் சுழலும் கழுத்து) அளவைச் சரிபாருங்கள். 350-க்கு 2.45 அங்குலம், 400 கன அங்குல எஞ்சினுக்கு 2.65. ஒரே பிளாக்கை இரண்டு அளவிலும் விற்கிறார்கள். பின்பக்க ஆயில் சீல் 1985 வரை இரண்டு துண்டு, 1986 முதல் ஒரே துண்டு. உங்கள் கிராங்க் எந்த வகையோ அதற்கேற்ற பிளாக் வேண்டும். மெயின் கேப் நான்கு போல்ட் வகையாக இருக்கட்டும். நடு மூன்று கேப்களில் வெளிப் போல்ட்கள் சாய்வாக இறங்கினால் இன்னும் நல்லது, பிளாக்கின் கனமான பகுதியைப் பிடிக்கும். ஆயில் முதலில் மெயின் பேரிங்குகளுக்குப் போய், பிறகு மேலே வால்வுகளை இயக்கும் கேம் தண்டுக்குப் போகும் அமைப்பா என்று கேளுங்கள். கம்பெனி பிளாக்கில் வரிசை தலைகீழ்.

இங்கே தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் பக்கம் பிளாக் என்றால் பாதிப் பேருக்கு பைக்கின் சிலிண்டர்தான் நினைவுக்கு வரும். பழைய புல்லட் 350-இல் போர் 70, ஸ்ட்ரோக் 90 மில்லிமீட்டர். 500-இல் போர் 84. அதை 87 ஆக்கினால் 535 சிசி. என் அக்கா மகன், “மாமா, பெரிய சிலிண்டரை வாங்கி மேலே வைத்தால் முடிந்தது” என்று ஒரு நாள் வந்து நின்றான். கிராங்க் கேஸின் வாய் அந்த லைனரை உள்ளே விடுமா என்று கேட்டேன், பதில் இல்லை. காலிப்பரைக் கையில் கொடுத்து அனுப்பினேன், இன்னும் அளந்துகொண்டிருக்கிறான். இன்னொன்று, கார் பிளாக்கில்தான் எஞ்சின் எண் இருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. பந்தயத் தடத்துக்கு மட்டும் போகும் வண்டி என்றால் வேறு விஷயம்.

இப்போது தயாரிப்பு. எழுதக் கை பரபரப்பது இந்தப் பகுதிக்குத்தான்.

பெட்டியைப் பிரித்ததும் எல்லாக் கேப்களையும் குறித்துக்கொண்டு கழற்றுங்கள், ஆயில், தண்ணீர் வழிகளை அடைத்திருக்கும் எல்லா பிளக்குகளையும் எடுத்துவிடுங்கள். கூரான விளிம்புகளையும் வார்ப்பின் பிசிறுகளையும் அரத்தால் நீவிவிடுங்கள். ஆயில் திரும்பி இறங்கும் துளைகளின் ஓரத்தில் தொங்கும் ஒரு சிறு பிசிறு என்றைக்காவது உதிர்ந்து ஆயில் பம்புக்குப் போகும். பளபளவென்று மெருகேற்றத் தேவையில்லை. அது படம் எடுப்பவர்களுக்கு.

அடுத்து வெறும் கோர்வை, அதாவது சோதனைக்குப் பூட்டிப் பார்ப்பது. கிராங்க், பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் ராட் ஒன்று, ரிங் இல்லாமல் ஒரு பிஸ்டன். கையால் மெதுவாகச் சுற்றுங்கள். 3.75 அங்குல கிராங்க் என்றால் ராட் போல்ட் போரின் அடி விளிம்பையோ, கீழே ஆயில் பான் உட்காரும் ஓரத்தையோ, மேலே கேமையோ உரசக்கூடும். எங்கும் ஒன்றரை மில்லிமீட்டராவது இடம் வேண்டும். குறைந்தால் அந்த இடத்தைக் கிரைண்டரால் எடுக்க வேண்டும். இந்த அரைப்பு வேலை முழுவதும் ஹோனிங்குக்கும் (போரைக் கல்லால் தேய்த்துக் கடைசி அளவுக்குக் கொண்டுவருவது) கழுவுதலுக்கும் முன்னால் முடிந்துவிட வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு “இங்கே கொஞ்சம் உரசுகிறது அண்ணே” என்று கிரைண்டரைத் தூக்கினால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

இதே கோர்வையில் பிஸ்டன் டெக்குக்கு (ஹெட் உட்காரும் பிளாக்கின் மேல் முகம்) எவ்வளவு கீழே நிற்கிறது என்றும் பாருங்கள். கிராங்க் நடுவிலிருந்து டெக் வரை 9.025 அங்குலம் என்பது காகிதத்தில் உள்ள எண். அரை ஸ்ட்ரோக், ராட் நீளம், பிஸ்டனில் ராட் மாட்டும் பின்னின் நடுவிலிருந்து பிஸ்டன் தலை வரை, மூன்றையும் கூட்டினால் வரும் எண்ணோடு ஒப்பிட்டு, நான்கு மூலையிலும் அளந்த பிறகே முகம் சீவ வேண்டும். கேஸ்கெட்டையும் சேர்த்து பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் அளவு நிற்கும்படி நான் வைப்பேன்.

மெயின் கேப்களை எந்த போல்ட் அல்லது ஸ்டட் (பிளாக்கில் திருகி நிற்கும் தண்டு) போட்டு ஓட்டப் போகிறீர்களோ அதையே போட்டு, சொன்ன முறுக்குக்கு இறுக்கி, போர் கேஜால் அளக்க வேண்டும். போல்ட்டை ஸ்டட்டாக மாற்றினால் இழுப்பு மாறும், வட்டம் மாறும், மெயின் துளைகளை ஒரே நேராகத் தேய்க்கும் லைன் ஹோனிங் மறுபடி செய்ய நேரிடும். பேரிங் இடைவெளிக்குப் பழைய கணக்கே இன்றும் நல்ல கணக்கு: ஜர்னலின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம். 2.45-க்கு ஏறத்தாழ 0.06 மில்லிமீட்டர்.

போரில் பிளாக் செய்பவர்களே கொஞ்சம் இரும்பை விட்டுத்தான் அனுப்புகிறார்கள், பெரும்பாலும் 0.1 மில்லிமீட்டர் அளவுக்கு. கடைசி அளவை உங்கள் பிஸ்டன் தீர்மானிக்க வேண்டும் என்பதற்காக. அடித்து உருவாக்கிய ஃபோர்ஜ்டு பிஸ்டனிலும் 4032 என்ற அலுமினியக் கலவைக்கு 0.06 மில்லிமீட்டர் இடைவெளி போதுமானால், 2618 கலவைக்கு 0.1-க்கு மேல் கேட்கும். 2618 சூட்டில் அதிகம் விரியும். பிஸ்டன் பெட்டியில் உள்ள தாளில் சொன்ன இடத்தில், சொன்ன இடைவெளி. அதற்கு மேல் பட்டறைக்காரர் சொல்லும் ‘எப்போதும் வைக்கிற அளவு’ எதையும் ஏற்காதீர்கள், நான் சொன்னாலும்.

ஹோனிங்கின்போது டார்க் (முறுக்கு) பிளேட் போட்டே ஆக வேண்டும். ஹெட் போல்ட்களை இறுக்கும்போது போரின் மேல்பகுதி இழுபட்டு வட்டம் கெடும். ஹெட் இல்லாமல் வட்டமாக ஹோன் செய்த போர், ஹெட் ஏறியதும் வட்டமாக இருக்காது. 50 மில்லிமீட்டர் கனமுள்ள பிளேட்டை ஹெட்டுக்குப் பதிலாக, அதே கேஸ்கெட், அதே போல்ட், அதே முறுக்கோடு பூட்டி ஹோன் செய்தால் ஓடும்போது வட்டம் கிடைக்கும். கடைசியில் மென்மையான கல்லால் ஹோனிங் கோடுகளின் மேட்டு முனைகளை மட்டும் தட்டிவிட்டால், ஆயில் பிடிக்கும் பள்ளம் தங்கும், ரிங்கும் சீக்கிரம் பதியும்.

கழுவுதலில் நான் அடிபட்டிருக்கிறேன். ஷார்ஜாவில் ஒரு வாடிக்கையாளரின் புது பிளாக். அவசரம். கம்பெனியிலேயே கழுவித்தான் அனுப்புகிறார்கள் என்று முதலாளி சொன்னார். ஆயில் வழிகளின் பிளக்கைக் கழற்றாமல் காற்றடித்துப் பூட்டியவன் நான்தான். திறன் அளக்கும் டைனோவில் ஏற்றி இருபது நிமிடம்கூட ஆகவில்லை, ஆயில் அழுத்தம் இறங்க ஆரம்பித்தது. பிரித்துப் பார்த்தால் பேரிங் முழுக்கக் கோடு. ஒவ்வொரு கோட்டின் நுனியிலும் முடி போன்ற இரும்புச் சீவல் ஒன்று புதைந்திருந்தது. கிராங்கும் போயிற்று. யாரும் என்னைத் திட்டவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

ஆகவே டீசலில் கழுவி முடித்துவிடாதீர்கள். டீசல் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும், ஹோனிங் கல்லின் தூளைப் பள்ளத்தில் அப்படியே விட்டுவிடும். வெந்நீரும் சோப்புத் தூளும் நீளமான பிரஷும்தான் வேலைக்கு ஆகும். எல்லா ஆயில் வழியிலும் இந்த முனையில் விட்ட பிரஷ் அந்த முனையில் வெளியே வர வேண்டும். போரை வெள்ளை வேட்டித் துணியால் துடைத்தால் சாம்பல் நிறம் ஒட்டாத வரை மறுபடி, மறுபடி. பிறகு காற்றடித்து, உடனே எண்ணெய் பூசுங்கள். ஐப்பசி அடைமழையில் ஒரு முறை கழுவிய பிளாக்கை அப்படியே விட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனேன். திரும்பி வருவதற்குள் எட்டு போரிலும் செம்மண் பூத்திருந்தது. நாகப்பட்டினம் பக்கம் போர்வெல் தண்ணீர் உப்பு, துபாயிலும் கடல்காற்று. கடைசி அலசலுக்கு நல்ல தண்ணீர் வையுங்கள்.

பிளக்குகளைத் திரும்பப் போடும்போது, பின்பக்க மெயின் கேப்புக்கு அடியில் ஒளிந்திருக்கும் சின்ன பிளக்கை மறந்துவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் ஆயில் ஃபில்டரைச் சுற்றிக்கொண்டு போய்விடும். எஞ்சின் ஓடும், அழுத்தமும் காட்டும், வடிகட்டாத ஆயில்தான் சுற்றும்.

பட்டறை தேடும்போது டார்க் பிளேட் இருக்கிறதா என்பதை முதலில் கேளுங்கள். இல்லை என்றால் செய்துகொடுப்பார்களா என்று கேளுங்கள், சுற்றிவளைத்துப் பேசினால் அடுத்த பட்டறைக்குப் போங்கள். போகும்போது ஹெட் கேஸ்கெட், போல்ட், பேரிங், எட்டு பிஸ்டன் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். பிளாக்கை மட்டும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வருபவர்களை நான் டீ கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடுவேன். பிஸ்டனை அளக்காமல் போரில் கை வைப்பதில்லை.