கியூ.எல்.இ.டி. டிவியில் குவாண்டம் புள்ளி எங்கே இருக்கிறது?

கேள்வி: புது டிவி வாங்க இருக்கிறோம். ஒரே அளவில் இரண்டு பார்த்து வைத்திருக்கிறோம், ஒன்று கியூ.எல்.இ.டி., இன்னொன்று ஓ.எல்.இ.டி. கியூ.எல்.இ.டி.யில் நானோ தொழில்நுட்பத்தில் செய்த குவாண்டம் புள்ளிகள் இருப்பதால் அதுதான் மேலானது என்கிறார் விற்பனையாளர். அப்படி ஒரு பொருள் உண்மையிலேயே உள்ளே இருக்கிறதா, வெறும் விளம்பரப் பெயரா? நாளடைவில் நிறம் மங்குமா? காட்மியம் என்ற நச்சு உலோகத்தில் செய்கிறார்கள் என்றும் படித்தேன். சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் வைக்கலாமா?

பதில்: குவாண்டம் புள்ளி கற்பனை அல்ல. 2023ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசே அதைக் கண்டறிந்து உருவாக்கிய மூவருக்குத்தான் கிடைத்தது. ஆனால் நீங்கள் பார்த்த கியூ.எல்.இ.டி. டிவியில் அந்தப் புள்ளி தானாக ஒளிர்வதில்லை. வேறொரு விளக்கு தரும் ஒளியை வாங்கி, நிறம் மாற்றிக் கொடுக்கிறது, அவ்வளவுதான். பிக்சல்கள் தாமாகவே ஒளிரும் ஓ.எல்.இ.டி.க்குப் போட்டியாகப் பெயர் ஒலித்தாலும், பின்பக்க மூடியைக் கழற்றினால் உள்ளே இருப்பது நமக்குப் பழக்கமான எல்.சி.டி. திரை, அதன் பின்னொளியில் ஒரு நல்ல திருத்தம் செய்திருக்கிறார்கள். இது பிடிபட்டால் மற்ற கேள்விகள் பாதி தீர்ந்துவிடும்.

முதலில் புள்ளியைப் பார்ப்போம். அது சில நானோமீட்டர் (மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர்) அளவே உள்ள குறைகடத்தித் (செமிகண்டக்டர்) துகள். ஒரு குறைகடத்தி எந்த நிறத்தில் ஒளிரும் என்பதை அதில் எலக்ட்ரான் தாண்டி வர வேண்டிய ஆற்றல் இடைவெளி தீர்மானிக்கிறது. சாதாரணமாக இது பொருளின் குணம். கட்டியை இரண்டாக உடைத்தாலும் மாறாது. ஆனால் உடைத்து உடைத்துச் சில நானோமீட்டர் அளவுக்குக் கொண்டுவந்துவிட்டால் கதை வேறு. எலக்ட்ரானுக்கு உலவ இடம் போதாமல் ஆற்றல் இடைவெளி விரிகிறது. வீணையில் தந்தியின் அதிரும் நீளம் குறையக் குறைய ஸ்வரம் ஏறுவது போல, துகள் சிறுக்கச் சிறுக்க நிறம் சிவப்பிலிருந்து நீலத்தை நோக்கி ஏறுகிறது. காட்மியம் செலினைடு துகள் சுமார் 6 நானோமீட்டர் இருந்தால் சிவப்பு, 3 இருந்தால் பச்சை, 2 இருந்தால் நீலம். பொருள் ஒன்றே. மாறுவது அளவு மட்டும்.

1980களின் தொடக்கத்தில் சோவியத் யூனியனில் அலெக்ஸி எகிமோவ் இந்த விளைவை வண்ணக் கண்ணாடிக்குள் சிக்கிய காப்பர் குளோரைடு துகள்களில் கண்டார். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் லூயிஸ் புரூஸ் அதையே திரவத்தில் மிதக்கும் துகள்களில் கண்டார். டிவிக்கு வழிவிட்டது மூன்றாமவரான மௌங்கி பவெண்டியின் வேலை என்பது என் கருத்து. காரணம், நூறு துகள்கள் நூறு அளவில் இருந்தால் ஒவ்வொன்றும் ஒரு நிறம் காட்டும். எல்லாம் கலந்து சோபையற்ற ஒளிதான் மிஞ்சும். 1993இல் பவெண்டியின் குழு சுமார் 300 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் கரைப்பானுக்குள் மூலப்பொருள்களைச் சட்டென்று செலுத்தியது. அந்தக் கணமே எண்ணற்ற விதைப்படிகங்கள் பிறக்கின்றன. குளிர்ந்த திரவம் சேர்ந்ததால் வெப்பம் இறங்கி, புதிதாக எதுவும் பிறப்பது நின்றுவிடுகிறது. ஒரே நேரத்தில் பிறந்தவை ஒரே வேகத்தில் வளர்வதால் அளவும் ஏறத்தாழ ஒன்றாக அமைகிறது. வேண்டிய நிறம் வந்ததும் சூட்டைத் தணித்து நிறுத்திவிடலாம். பிறகு துகளின் மேல் துத்தநாக சல்பைடு போன்ற இன்னொரு குறைகடத்தியை ஓடாகப் போர்த்தக் கற்றார்கள். ஓடு இல்லாத துகளின் மேற்பரப்பில் எலக்ட்ரான்கள் சிக்கி, ஒளி வீணாகிவிடும்.

இனி டிவிக்கு வருவோம். பின்னொளியாக இருப்பவை காலியம் நைட்ரைடு நீல எல்.இ.டி.கள், அலைநீளம் 450 நானோமீட்டரை ஒட்டியது. அவற்றுக்கு முன்னால் திரை முழுவதற்கும் ஒரு மெல்லிய பிலிம் விரித்திருக்கிறது. அதற்குள்தான் பச்சைப் புள்ளிகளும் சிவப்புப் புள்ளிகளும் இருக்கின்றன. நீல ஒளியில் ஒரு பங்கை விழுங்கிப் பச்சையும் சிவப்பும் உமிழ்கின்றன. மீதி நீலம் அப்படியே கடந்து வருகிறது. சாதாரண எல்.இ.டி. டிவியில் இந்த வேலையைச் செய்வது மஞ்சள் ஒளிர்பொருள். அதன் ஒளி பச்சையிலிருந்து சிவப்பு வரை பரந்து வழிவதால், எவ்வளவு வடிகட்டினாலும் சுத்தமான சிவப்பு கிடைப்பது கடினம். குவாண்டம் புள்ளியின் ஒளி ஒடுக்கமான பட்டையாக வருவதால் வடிகட்டிக்கு வேலை குறைவு. நிறமும் செறிவாக இருக்கிறது, வெளிச்சமும் அதிகம் வீணாவதில்லை.

ஆனால் கறுப்பு விஷயத்தில் புள்ளியால் எந்த உதவியும் இல்லை. எல்.சி.டி. திரை பின்னொளியை மறைத்துக் கறுப்பைக் காட்டுகிறது; மறைப்பு முழுமையாக இருப்பதில்லை, இருட்டறையில் சாம்பல் பூத்தது தெரியும். ஓ.எல்.இ.டி.யில் ஒவ்வொரு பிக்சலும் தானே அணைந்துவிடுகிறது. ஆகவே விற்பனையாளரிடம் புள்ளியைப் பற்றிக் கேட்பதைவிட, பின்னொளி எத்தனை பகுதிகளாகத் தனித்தனியே மங்கும் என்று கேளுங்கள். கியூ.எல்.இ.டி. என்ற ஒரே பெயரில் விற்கும் டிவிகளுக்குள் தரம் மலைக்கும் மடுவுக்குமாக வேறுபடுவது பெரும்பாலும் இதனால்தான்.

2022 முதல் கடைக்கு வந்த கியூ.டி.-ஓ.எல்.இ.டி. வேறு ரகம். அதில் பின்னொளி கிடையாது. நீல ஓ.எல்.இ.டி. பிக்சல்களின் மேலேயே புள்ளிகள் அமர்ந்து சிவப்பும் பச்சையும் ஆக்குகின்றன. கறுப்பும் நிறமும் சேர்ந்து கிடைப்பதால், வாங்க முடிந்தால் என் ஓட்டு அதற்குத்தான். மின்சாரம் பாய்ந்து புள்ளியே நேரடியாக ஒளிரும் திரை இன்னும் ஆய்வகங்களிலும் கண்காட்சி மாதிரிகளிலும்தான் இருக்கிறது. நீலப் புள்ளியின் ஆயுள் முக்கியமான தடை.

பெயரில் மட்டும் புள்ளி இருக்கிறது என்ற தகராறுகள் நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. ஆகவே உங்கள் சந்தேகம் நியாயமானதுதான். எல்.சி.டி. வகை டிவிக்கு வீட்டிலேயே ஒரு சோதனை உண்டு. முழுக் கறுப்புப் படத்தின் நடுவில் மெல்லிய வெள்ளைக் கிடைக்கோடு ஒன்றைத் திரையில் காட்டுங்கள். அறை விளக்குகளை அணைத்துவிட்டு, பழைய டி.வி.டி. தட்டின் பளபளப்பான பக்கத்தில் கோட்டின் ஒளி விழும்படி பிடித்து, தட்டின் கீழ்விளிம்பை ஒட்டிப் பார்த்துக்கொண்டே மெல்லச் சாயுங்கள். ஒளி நிறங்களாகப் பிரிந்து தெரியும். பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று இடைவெளி இல்லாமல் வழிந்தால் உள்ளே இருப்பது சாதாரண மஞ்சள் ஒளிர்பொருள். பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவே இருண்ட இடைவெளி விழுந்தால் நல்ல அறிகுறி. அப்போதும் சிவப்பை உற்றுப் பாருங்கள். கத்தியால் கீறியது போன்ற கூரிய கோடாக இருந்தால் அது மாங்கனீஸ் கலந்த ஃபுளூரைடு ஒளிர்பொருளாக இருக்கலாம். புள்ளியின் சிவப்பு சற்று அகன்ற பட்டையாகத் தெரியும். ஒளிர்பொருளையும் புள்ளியையும் சேர்த்தே போடும் டிவிகளும் உண்டு என்பதால் இது கடைசித் தீர்ப்பு ஆகாது. ஃபுளூரைடு வகையும் மோசமில்லை, நிறம் நன்றாகவே இருக்கும். புள்ளிக்கான விலையை அதற்குக் கொடுக்கத் தேவையில்லை, அவ்வளவுதான். இன்னொன்று: ‘நானோ’ என்று பெயரில் வந்தாலே குவாண்டம் புள்ளி என்று எண்ண வேண்டாம். தேவையற்ற நிறத்தை உறிஞ்சும் நுண்துகள் பூச்சுக்கும் அந்தப் பெயரை வைக்கிறார்கள்.

நிறம் மங்குமா என்றால், புள்ளிக்கு ஆகாதவை ஆக்சிஜன், ஈரம், வெப்பம் மூன்றும்தான். பாலிமரில் கலந்த புள்ளிகளை இரு பக்கமும் காற்று புகாத தடுப்புப் படலங்களுக்கு இடையே வைப்பது இதற்காகவே. பலவீனமான இடம் பிலிமை வெட்டிய ஓரம். அங்கே காற்று நுழைந்து புள்ளிகள் செயலிழந்தால் நீல ஒளி மாறாமல் கசியும். சில ஆண்டுகள் கழித்து, வெள்ளைப் படத்தில் திரையின் விளிம்பு மட்டும் நீலம் பாய்ந்து தெரிந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். மற்றபடி ஒழுங்காகச் செய்த பிலிம் தேய்வதற்கு முன் பின்னொளி எல்.இ.டி.யோ மின்வழங்கியோ பழுதாகும் வாய்ப்பே அதிகம். நேர் வெயில் படும் சுவரைத் தவிருங்கள், காற்றுத் துளைகளை மறைக்காதீர்கள். ஓ.எல்.இ.டி.யில் கவலை வேறு: ஒரே சேனலின் சின்னம் நாள் முழுக்க ஒரே மூலையில் நின்றால் அங்கே ஒளி தரும் கரிமப் பொருள் கூடுதலாகத் தேய்ந்து தழும்பு விழும். கியூ.டி.-ஓ.எல்.இ.டி.யும் இதற்கு விலக்கல்ல. அங்கேயும் ஒளி தருவது கரிமப் பொருளே. பகல் வெளிச்சத்தில் செய்திச் சேனல் ஓடிக்கொண்டே இருக்கும் வீடு என்றால் கியூ.எல்.இ.டி.தான் பொருத்தம். இரவில் விளக்கணைத்துச் சினிமா பார்க்கிறவர்கள் மற்றதை எடுங்கள்.

காட்மியம் பற்றி நீங்கள் படித்தது தவறில்லை. 2013இல் சோனி டிவிகளில் வந்த முதல் புள்ளிகள் காட்மியம் சேர்ந்தவை. 2015இல் சாம்சங் காட்மியம் இல்லாத இண்டியம் பாஸ்பைடுக்கு வந்தது. இன்று பரவலாக இருப்பது அந்த வழிதான். இதில் ஒரு சிறு இழப்பு உண்டு. இண்டியம் பாஸ்பைடில் அளவு கொஞ்சம் பிசகினாலும் நிறம் அதிகமாக நகர்வதால், பட்டை காட்மியம் செலினைடைவிடச் சற்று அகலம். கண்ணுக்கு அது பெரிய வித்தியாசமாகத் தெரியாது. அட்டைப் பெட்டியில் ஐரோப்பிய ஒன்றியத்தின் அபாயப் பொருள் விதிக்கு உட்பட்டது என்று மட்டும் போட்டிருந்தால் காட்மியமே இல்லை என்று பொருள் இல்லை. அந்த விதி ஒரே சீரான பொருளில் எடைக்கு 0.01 சதவீதம் வரை அனுமதிக்கிறது. ‘காட்மியம் இல்லாதது’ என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

எந்த வகையானாலும் புள்ளிகள் பாலிமருக்குள் உறைந்து, படலங்களுக்கு நடுவே, திரைக்குப் பின்னால் மூடிக் கிடக்கின்றன. பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தையை எட்ட அவற்றுக்கு வழியில்லை. குழந்தைகளுக்காகக் கவலைப்படுவதென்றால் டிவி கவிழாமல் சுவரில் இறுக்கிப் பொருத்துவதைப் பற்றிக் கவலைப்படுங்கள். அந்த ஆபத்து நிஜமானது. திரை உடைந்துபோனால் பிலிமை உரித்து எடுத்து விளையாடவோ குப்பையோடு எரிக்கவோ விடாமல் மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.