வெளிநாட்டு ஊழியப் பயணத்துக்கு ஆயத்தம்: மாணவர் கேள்விகள், அக்காவின் பதில்கள்

இரண்டு மூன்று வார ஊழியப் பயணத்துக்கு வெளிநாடு கிளம்பும் மாணவர் ஜெபக்குழுக்களும் பெற்றோரும் கேட்டவை இவை. இத்தகைய குழுக்களை ஆயத்தப்படுத்தி அனுப்பும் பொறுப்பில் இருக்கும் அக்கா பதில் சொல்கிறார்.

அக்கா, பயணத்துக்கு இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. விலை ஏறுமுன் டிக்கெட் எடுத்துவிடலாமா?

கொஞ்சம் பொறுங்கள். முதலில் உங்களை வரவேற்கும் சபையின் போதகருக்கு எழுதுங்கள். எந்த வாரம் வந்தால் அவர்களுக்கு உதவி, எத்தனை பேரைத் தங்கவைக்க முடியும், எந்த வேலைக்கு ஆள் தேவை என்று கேளுங்கள். அறுவடை நேரத்தில் இருபது பேர் போய் இறங்கினால் சபைக்கு நீங்கள்தான் பாரம். திட்டத்தை இங்கேயே முடிவுசெய்துவிட்டு, "இதற்கு ஏற்பாடு செய்யுங்கள்" என்று அனுப்புவது தவறு.

பதில் வந்ததும் பாஸ்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். பல நாடுகள் ஆறு மாதச் செல்லுபடி கேட்கின்றன. திரும்பும் தேதியிலிருந்து ஆறு மாதம் இருந்தால் கவலையில்லை. இரண்டு பக்கமாவது வெறுமையாக இருக்கட்டும். பாஸ்போர்ட்டில் உள்ள பெயர்தான் டிக்கெட்டிலும் வேண்டும், ஓர் எழுத்துகூடப் பிசகக்கூடாது. சபையில் கூப்பிடும் பெயரில் டிக்கெட் எடுத்தால் விமான நிலையத்திலேயே நிறுத்திவிடுவார்கள். 18 வயது நிரம்பாதவர்கள், பெற்றோர் இருவரும் கையெழுத்திட்டு நோட்டரி சான்று பெற்ற சம்மதக் கடிதத்தைக் கையில் வைத்திருப்பது நல்லது.

சுற்றுலா விசாவில் போய் ஊழியம் செய்யலாமா?

நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. நீங்கள் செய்யப்போவதை உள்ளபடி எழுதி அந்நாட்டுத் தூதரகத்திடம் கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். நேபாளத்தின் 2015 அரசியலமைப்பு பிறரை மதம் மாற்றுவதைத் தடைசெய்கிறது. 2018 முதல் நடப்பில் உள்ள குற்றவியல் சட்டப்படி அதற்கு ஐந்து ஆண்டுவரை சிறை. வெளிநாட்டவரானால் தண்டனைக்குப் பின் நாடுகடத்தல். உங்கள் பையில் இருக்கும் ஒரு கட்டுக் கைப்பிரதிக்காக விசாரணைக்குப் போய் நிற்பவர் அந்த ஊர்ப் போதகராக இருப்பார். நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள், அவர் அங்கேயே வாழ வேண்டும். எதைச் சொல்லலாம், எதை எடுத்து வரலாம் என்பதை அவரே தீர்மானிக்கட்டும். விசாப் படிவத்தில் பொய் எழுதுவதற்குச் சுவிசேஷத்தைச் சாக்காக்காதீர்கள்.

தடுப்பூசிகளை எப்போது தொடங்குவது?

குறைந்தது எட்டு வாரம் முன்பு மருத்துவரிடம் போங்கள். கடைசி வாரத்தில் போகிறவர்களால்தான் குழுவின் திட்டமே குலைகிறது, ஏனென்றால் ஊசிகளுக்கு இடைவெளி வேண்டும். மஞ்சள் காய்ச்சல் சான்றிதழ், ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் செல்லும். ஒன்பதாம் நாள் இறங்கினால் திருப்பி அனுப்பலாம். 2016 ஜூலை முதல் அந்தச் சான்றிதழ் வாழ்நாள் முழுவதற்கும் செல்லுபடி, பழைய மஞ்சள் அட்டை இருந்தால் தேடி எடுங்கள். தட்டம்மைக்கான எம்.எம்.ஆர். ஊசியும் வேண்டியிருந்தால் இரண்டுக்கும் நடுவே நான்கு வாரம் விடச் சொல்வார்கள். இரண்டுமே உயிருள்ள வைரஸால் ஆனவை. நெருக்கிப் போட்டால் எதிர்ப்புச் சக்தி சரியாக உருவாகாமல் போகலாம். டைபாய்டு ஊசி, பயணத்துக்கு இரண்டு வாரம் முன்னதாக.

தெருநாய் அதிகமுள்ள, மருத்துவமனை தொலைவான கிராமத்துக்குப் போகிறவர்கள் வெறிநாய்க்கடி முன்தடுப்பு பற்றியும் கேளுங்கள். முதல் ஊசி, அதிலிருந்து ஏழு நாள் கழித்து அடுத்தது என்று இரண்டு தவணை. அதைப் போட்டிருந்தாலும், கடிபட்டால் சோப்பும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு மறுபடி ஊசி போட்டே ஆக வேண்டும். சிறு கீறல்தானே என்று குழுத் தலைவரிடம் மறைக்காதீர்கள்.

மலேரியா மாத்திரை ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று எழுதியிருக்கிறார்கள். ஒரே மாத்திரையாக வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாமா?

கூடாது தம்பி. டாக்சிசைக்ளின் பயணத்துக்கு ஓரிரு நாள் முன் தொடங்கித் தினமும் ஒன்று, ஆபத்துப் பகுதியை விட்டு வந்த பிறகும் நான்கு வாரம். அது கிருமியை இரத்தத்தில்தான் தாக்கும்; கல்லீரலில் பதுங்கியிருப்பது வெளியே வரும்வரை மாத்திரை தொடர வேண்டும். அட்டோவாக்வோன்-ப்ரோகுவானில் கல்லீரலிலேயே தாக்குவதால், திரும்பியபின் ஏழு நாள் போதும். யாருக்கு எது என்பதை மற்ற நோய்களையும் மருந்துகளையும் பார்த்து மருத்துவர் முடிவுசெய்வார்.

டாக்சிசைக்ளின் போடுகிறவர்கள் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருங்கள். இல்லையென்றால் உணவுக்குழாய் புண்ணாகிவிடும். வெயிலில் தோலும் சீக்கிரம் சிவந்துபோகும். வெயில் கிரீமை முதலில் தடவி, அதன்மேல் கொசு விரட்டி.

என் மகளுக்கு ஆஸ்துமா. மருந்துகளை எப்படிக் கொடுத்தனுப்புவது?

எல்லாம் கைப்பையில்தான் அம்மா. பெரிய பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்டால் இன்ஹேலருக்கு எங்கே அலைவது? பயண நாட்களுக்கு மேல் ஒரு வாரத்துக்குக் கூடுதலாக, கடையில் தந்த அட்டையோடும் மருத்துவர் கடிதத்தோடும் கொடுங்கள். கோடீன், டிராமடால் போன்ற வலி மருந்துகளுக்குச் சில நாடுகளில் முன் அனுமதி வேண்டும்.

வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஆளுக்கு ஆறு. அது கிடைக்காதபோது ஒரு லிட்டர் சுத்தமான நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, தலைதட்டி அளந்து கலக்கவும். உப்பு கூடினால் கெடுதல்.

மொழிபெயர்ப்பாளரோடு சாட்சி சொல்வது எப்படி?

பத்து நிமிடம் கொடுத்தால் உங்களுக்கு ஐந்துதான், மற்ற ஐந்து அவருடையது. எழுதிய சாட்சியை முந்தின நாளே அவரிடம் காட்டுங்கள். ஒரு முழு வாக்கியம், பிறகு நிறுத்தம். பாதியில் நிறுத்தினால் வினைச்சொல் வராமல் அவர் தவிப்பார். சிலேடை, சினிமா உதாரணம், வீட்டுப் பழமொழி எதுவும் வேண்டாம். "இரட்சிப்பு", "அபிஷேகம்" போன்ற சபைச் சொற்களை விளக்கிச் சொல்லிப் பழகுங்கள். பார்வை கேட்பவர்கள்மேல் இருக்கட்டும், மொழிபெயர்ப்பாளர்மேல் அல்ல.

நான் மூன்றாம் ஆண்டு மருத்துவ மாணவன். முகாமில் தையல் போடலாமா?

உங்கள் நாட்டில் மேற்பார்வை இல்லாமல் எதைச் செய்ய அனுமதி இல்லையோ, அது அங்கும் இல்லை. ஏழையின் உடம்பு பயிற்சிக்கூடம் அல்ல.

விடுமுறை வேதாகமப் பள்ளிப் பிள்ளைகளோடு படம் எடுத்துப் போடலாமா?

பெற்றோரும் சபையும் சம்மதித்தால் மட்டும். பெயர், பள்ளி, ஊர் அடையாளம் இல்லாமல். எந்தப் பிள்ளையோடும் தனியறையில் இருக்கக்கூடாது; பெரியவர்கள் இருவராவது கண்ணெதிரே இருக்க வேண்டும். இது குழுவில் எல்லாருக்கும் பொருந்தும்.

காணிக்கைக் கணக்கு?

இருவர் கையெழுத்தில் தனிக் கணக்கு, மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு அவசரத்துக்கு. பயணம் ரத்தானால் பணம் எங்கே போகும் என்பதை, காணிக்கை கேட்டு எழுதும் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். பவுலும் பர்னபாவும் அந்தியோகியாவுக்குத் திரும்பிச் சபையைக் கூட்டி நடந்ததை அறிவித்தார்கள் (அப்போஸ்தலர் 14). நீங்களும் திரும்பிய ஒரு மாதத்துக்குள் கணக்கோடு நில்லுங்கள்.

திரும்பி வந்தபின் உடம்பு விஷயத்தில் எதைக் கவனிப்பது?

காய்ச்சலை. மலேரியா பகுதிக்குப் போனவர்கள் ஓராண்டுவரை எந்தக் காய்ச்சல் வந்தாலும் அன்றைக்கே இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். மாத்திரை ஒழுங்காகப் போட்டிருந்தாலும்தான். எந்த நாட்டுக்கு, எந்தத் தேதிகளில் போனீர்கள் என்பதை மருத்துவர் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே முதலில் சொல்லுங்கள்.