கடிதம்: ஒவ்வொரு வரிக்கும் ஒரு புது ஸ்ட்ரிங் எதற்கு?

வணக்கம் சார்,

லாக் ஃபைலை வரி வரியாகப் படித்து, எந்த ஐபி முகவரியிலிருந்து எத்தனை கோரிக்கை வந்திருக்கிறது என்று எண்ணும் புரோகிராம் ஒன்றை கோ மொழியில் எழுதினேன். அந்த கோட்-ஐ இணைத்திருக்கிறேன். மெமரி ஏறவில்லை, ஆனால் ப்ரொஃபைலரில் (எதற்கு எவ்வளவு நேரம் போகிறது என்று காட்டும் கருவி) பார்த்தால் நேரம் முழுக்க அலோகேஷனிலும் (புதிதாக மெமரி ஒதுக்குவது) கார்பேஜ் கலெக்டரிலும் (பயன்படாத மெமரியைத் திரும்ப எடுக்கும் பகுதி) போகிறது. ஃபைலிலிருந்து படிப்பதைத் தற்காலிகமாக வைக்கும் பஃபரைப் பெரிதாக்கினால் சரியாகுமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

ஆகாது. உங்கள் கோளாறு லூப்புக்குள் இருக்கிறது. வரி வரியாகப் படித்துத் தரும் ஸ்கேனரின் டெக்ஸ்ட்() ஒவ்வொரு வரியையும் புது ஸ்ட்ரிங்காக (எழுத்துத் தொடர்) நகலெடுத்துக் கொடுக்கிறது, அதாவது ஒரு கோடி வரி என்றால் ஒரு கோடி நகல், அப்புறம் அதை ஸ்பிளிட்() செய்து துண்டுகளாக்கி, அவற்றை வைக்க வரிக்கு இன்னொரு ஸ்லைஸ் (பட்டியல்) வேறு உண்டாக்குகிறீர்கள், இத்தனைக்கும் உங்களுக்கு வேண்டியது முதல் இடைவெளிக்கு முன்னால் இருக்கும் முகவரி மட்டும்தான்.

டெக்ஸ்ட்()-ஐ எடுத்துவிட்டு பைட்ஸ்() போடுங்கள். அது ஸ்கேனரின் சொந்த பஃபரையே காட்டுகிறது, நகல் கிடையாது. இன்டெக்ஸ்பைட்() வைத்து இடைவெளியைத் தேடி அதுவரை வெட்டிக்கொள்ளுங்கள், அதற்கும் அலோகேஷன் இல்லை. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: அடுத்த வரியைப் படித்ததும் அந்த பைட்டுகள் மாறிப்போகலாம். எதையாவது வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் அதை மட்டும், அந்த இடத்திலேயே, நகலெடுங்கள்.

முகவரியைச் சாவியாகவும் எண்ணிக்கையை மதிப்பாகவும் வைக்கும் மேப்பில்தான் விஷயமே இருக்கிறது. பைட் ஸ்லைஸை ஸ்ட்ரிங்காக மாற்றி, அதே இடத்தில் மேப்பில் தேட மட்டும் செய்தால் கம்பைலர் நகலைத் தவிர்த்துவிடும். ஆனால் அதே சாவியில் நேரடியாக ++ போட்டால் அது எழுதுவது, அந்தச் சலுகை கிடையாது. அதனால் மதிப்பாக எண்ணை வைக்காமல் எண்ணுக்கான பாயின்டரை (எண் இருக்கும் இடத்தின் முகவரி) வையுங்கள். முதலில் தேடுங்கள், கிடைத்தால் பாயின்டர் வழியாகக் கூட்டுங்கள், கிடைக்காவிட்டால் மட்டும் புதுச் சாவி. இப்போது அலோகேஷன் வரிகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது அல்ல, வெவ்வேறு முகவரிகள் எத்தனையோ அதைப் பொறுத்தது.

ரஸ்ட் மொழியிலும் இதே கதைதான், லைன்ஸ்() வரிக்கு ஒரு ஸ்ட்ரிங் தரும், ரீட்_லைன்() நீங்கள் கொடுக்கும் ஒரே ஸ்ட்ரிங்கை நிரப்பும். ஒவ்வொரு சுற்றிலும் கிளியர்() பண்ணாவிட்டால் பழைய வரியோடு புதியது ஒட்டிக்கொள்ளும்.

சரி, பஃபர் அளவு எங்கே முக்கியம் என்றால், ஸ்கேனர் இயல்பாக 64 கேபி வரைதான் ஒரு வரியை ஏற்கும். அதைவிட நீளமான வரி வந்தால் பேசாமல் நின்றுவிடும். உங்கள் கோடில் லூப் முடிந்தபின், ஸ்கேனர் பிழையால் நின்றதா என்று சொல்லும் எர்()-ஐப் பார்க்கவே இல்லை, அதை இன்றைக்கே சேருங்கள், இல்லாவிட்டால் பாதி ஃபைலை எண்ணிவிட்டு முழுக்க எண்ணியதாக நம்பிக்கொண்டிருப்பீர்கள்.